செட்: ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? நெல்லைக்காரங்க வந்து சொல்லுங்க

தாமிரபரணித்தண்ணி:

அக்கா மகள் பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: செட் என்ற சொல்லைப் பத்து வேறு வேறு பொருளில் வைத்துப் பத்து வாக்கியம் எழுத வேண்டும். நாலு வாக்கியம் எழுதிவிட்டு "மாமா, மிச்சத்தை நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் நோட்டைத் தள்ளிவிட்டாள். அகராதியைத் திறந்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கே 430-க்கு மேல் பொருள் கொடுத்திருக்கிறார்களாம், விளக்கமே 60,000 சொல் அளவுக்கு ஓடுகிறது. அதுதான் அந்த அகராதியிலேயே நீளமான பதிவு.

எனக்கு இதில் ஒரு கேள்வி. இது அந்த மொழியின் செழிப்பா, இல்லை வறுமையா? சூரியன் மறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது, தயிர் உறைகிறது, மோதிரத்தில் கல் பதிக்கிறோம். நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். என் கணக்கில் இது வறுமைதான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வண்ணார்பேட்டை வாசி:

வறுமை செழிப்பு எல்லாம் அப்புறம். நீங்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி திரும்புவதற்குள் இந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஜங்ஷன் பக்கம் ஓட்டலில் உட்கார்ந்தால் "பூரி ஒரு செட்டு". தாலுகா ஆபீசுக்குப் போனால் "ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க". டவுணில் ஜவுளிக்கடையில் சுடிதார் செட், நகைக்கடையில் கம்மலும் ஆரமும் சேர்ந்தால் ஒரு செட், மரக்கடையில் சோபா செட். தாத்தாவுக்குப் பல்செட். அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுக் காலையில் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்குவது தனிக் கதை. வயலில் பம்புசெட். மண்டபத்தில் பேண்டு செட்.

இதெல்லாம் ஒரே அர்த்தம்தானே, சேர்ந்து வருகிற சாமான்? பூரியில் அது எத்தனை என்பது மட்டும் கடைக்குக் கடை மாறும். நான் போகிற கடையில் ரெண்டு.

மேலரதவீதி மாப்ள:

ரெண்டு பூரிக்குப் பேர் செட்டா? அண்ணாச்சி, உங்களை நல்லா ஏமாத்துறாங்க. எங்க பக்கம் மூணு.

கொடைக்குழாய்:

இந்த இழையில் நான் வராமல் யார் வருவது. அப்பா காலத்திலிருந்து ரேடியோ செட் தொழில், நாங்குநேரி பக்கம்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ரேடியோ செட் என்றால் செய்தி கேட்கிற ரேடியோ இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கட்டுகிற ஒலிபெருக்கி. மெட்ராஸ் பக்கம் மைக் செட் என்பார்கள். ஆம்ப்ளிஃபயர், மைக், குழாய், குழாய்க்குப் பின்னால் மாட்டுகிற யூனிட், முன்பெல்லாம் ரெக்கார்டு பிளேயர், இத்தனையும் சேர்ந்தது ஒரு செட். அதை வைத்திருக்கிறவர் செட்டுக்காரர். "செட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் யாரைக் கேட்கிறார்கள் என்று தெரியும். பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அதோடு முடியவில்லை. பந்தலில் மினுக்மினுக்கென்று எரிகிற சரம், அது சீரியல் செட். கரண்டு போனால் ஜெனரேட்டர் செட். அப்புறம் மேளம். சித்திரை, வைகாசி, ஆடியில் செவ்வாயும் வெள்ளியும் கொடை வரிசையாக வரும். அப்போது வரி பிரிக்கிற கூட்டத்தில் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்: "மேளம் எத்தனை செட்டு? ரெண்டு செட்டு வேணும்லா, உச்சிக்கொடைக்கு ஒரு செட்டு தளர்ந்துட்டா சாமக்கொடைக்கு இன்னொரு செட்டு நிக்கணும்." இங்கே செட் என்றால் ஆள். தவில் ரெண்டு பேர், நாயனம், பம்பை, உறுமி, எல்லாரும் ஒரு குழுவாக வருகிறார்கள். வில்லுப்பாட்டும் அப்படித்தான், குடம் அடிக்கிறவர், உடுக்கு, பின்பாட்டு சேர்ந்தால் ஒரு செட். கணியான் கூத்துக்கும் அதே பேச்சுதான். சாமானுக்குச் சொன்ன அதே சொல்லை மனுசனுக்கும் சொல்கிறோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வறுமை என்று சொன்ன தம்பிக்கு: இந்தச் சொல் இல்லாமல் எங்களுக்குக் கொடையே நடக்காது.

பாளை டீச்சர்:

கொடைக்குழாய் அண்ணாச்சி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது, சாமானுக்கும் ஆளுக்கும் ஒரே சொல் என்றாரே, அதில்.

நாம் ஒரே சொல் என்று நினைப்பது பிறப்பில் இரண்டு சொல். வினைச்சொல்லான செட் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது, அதன் பழைய வடிவம் செட்டன். உட்கார் என்ற பொருளுள்ள சிட் என்ற வினையிலிருந்து வந்தது. தான் உட்கார்ந்தால் சிட், இன்னொன்றை உட்கார வைத்தால் செட். பெயர்ச்சொல்லான செட், அதாவது குழு, தொகுதி என்கிற பொருளில் வருவது, வேறு வழியாக வந்தது. லத்தீனில் செக்டா. பின்பற்றிப் போகிறவர்கள் என்ற கருத்து. ஒரு மதப் பிரிவை செக்ட் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, அங்கே ஏற்கனவே இருந்த வினைச்சொல்லோடு ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிறகு இது எதிலிருந்து வந்த பொருள், அது எதிலிருந்து வந்த பொருள் என்று பிரிப்பதே பல இடத்தில் கஷ்டம்.

இப்போது பாருங்கள். "அவனும் நானும் ஒரு செட்டு", "எங்க செட்டு பூரா வெளிநாட்டுக்குப் போயிட்டானுவ" என்று பையன்கள் பேசுகிறார்களே, அது இன்றைய பேச்சுவழக்கு என்று நாம் திட்டுகிறோம். அந்தப் பெயர்ச்சொல்லின் பழைய பொருளுக்கு அதுதான் ரொம்பப் பக்கம். பூரி செட்டும் சோபா செட்டும் பின்னால் வந்தவை, முதலில் வந்தவர்கள் ஆட்கள்தான்.

உங்கள் அக்கா மகளிடம் சொல்லுங்கள், பத்து வாக்கியத்தில் பெயரும் வினையும் கலந்து வரட்டும். எல்லாம் பெயராகவே எழுதினால் அது ஒரே பொருளைப் பத்து தடவை எழுதியது போலத்தான், மார்க் குறைக்கத் தோன்றும்.

தாமிரபரணித்தண்ணி:

டீச்சர், இரண்டு வேர் என்பது புதுச் செய்தி, நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வினையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 430 பொருள். உட்கார வைப்பதற்கும் சூரியன் மறைவதற்கும் என்ன சம்பந்தம்?

அம்பை வயக்காடு:

சம்பந்தம் இருக்கு தம்பி. எங்க ஆச்சி "பொழுது அடைஞ்சிட்டு, விளக்கப் பொருத்து" என்பாள். பொழுது அடைகிறது. அதே நேரத்தில் கோழியும் அடைகிறது, குருவியும் மரத்தில் போய் அடைகிறது. போய் அமர்கிற இடத்தில் அமர்வதுதான் அடைவது. முட்டையின் மேல் உட்கார்ந்த கோழி அடைகோழி. சூரியனுக்கும் கோழிக்கும் நாமே ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் சூரியன் செட் ஆகிறது, கோழியை முட்டையில் உட்கார வைப்பதற்கும் செட் என்றுதான் சொல்கிறார்கள். இதில் நம்ம ஆச்சிக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஒரே புத்திதான்.

அப்புறம் விவசாயத்தில் இன்னொரு செட் இருக்கிறது. கரும்புக் கரணை. வேளாண்மை அதிகாரிகள் கூட்டத்துக்கு வந்தால் "ஏக்கருக்கு இத்தனை செட்ஸ்" என்று பேசுவார்கள். எங்க பக்கத்துப் பெரியவர் ஒருவர் "எத்தனை செட்டு, ஒரு செட்டுக்கு எத்தனை கரணை?" என்று திருப்பிக் கேட்டு அதிகாரியைத் திணற வைத்தார். அதிகாரி சொன்ன செட் என்றால் ஒரு கரணைதான். நட்டு வைக்கிற துண்டு என்பதால் அந்தப் பெயர். பெரியவர் கேட்டது பூரி செட் கணக்கு. ரெண்டு பேரும் அவரவர் அளவில் சரிதான், ஆனால் அந்தக் கூட்டம் அன்றைக்கு அதோடு கலைந்துவிட்டது.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் "சாரல் பிடிச்சிட்டு" என்கிறோம். ஆங்கிலப் பேப்பரில் பருவமழை செட் இன் ஆகிவிட்டது என்று போடுகிறார்கள். அதாவது வந்து உட்கார்ந்துவிட்டது, இனி சீக்கிரம் கிளம்பாது என்று அர்த்தம். வந்து போகிற ஒரு நாள் மழைக்கு அந்தச் சொல்லைப் போட மாட்டார்கள்.

குமாஸ்தா:

வக்கீல் ஆபீசில் வேலை. எங்கள் இடத்தில் இந்தச் சொல் விளையாட்டுக் காட்டினால் நிலம் போய்விடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோர்ட்டில் செட் அசைடு என்று ஒன்று உண்டு. சொல்லைப் பிரித்தால் ஒரு பக்கமாக எடுத்து வைப்பது. வீட்டுப் பேச்சில் "பீஸ் கட்டப் பணம் செட் அசைடு பண்ணி வச்சிருக்கேன்" என்றால் பணம் பத்திரமாக இருக்கிறது. கோர்ட்டில் ஒரு உத்தரவு செட் அசைடு ஆனால் அந்த உத்தரவு செத்துப்போச்சு. நேர் எதிர்.

களக்காடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், பாகப்பிரிவினை வழக்கு. கீழ்க்கோர்ட்டில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. எதிர்த்தரப்பு அப்பீல் போனது. அப்பீலில் தீர்ப்பு வந்த அன்றைக்கு அவருடைய பேரன் செல்போனில் படித்துக் காட்டியிருக்கிறான்: கீழ்க்கோர்ட் தீர்ப்பு செட் அசைடு. பேரன் சொன்ன மொழிபெயர்ப்பு, "தாத்தா, உங்க தீர்ப்பைத் தனியா எடுத்து வச்சிருக்காங்களாம்". பெரியவர் சந்தோஷமாக அல்வா வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். அந்த அல்வாவை வைத்துக்கொண்டு அவரிடம் எப்படிச் சொல்வது என்று எங்கள் சீனியர் பட்ட பாடு இருக்கிறதே. கடைசியில் "அண்ணாச்சி, எடுத்து வைக்கல, எடுத்துட்டாங்க" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நீங்கள் வராமல் இருந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதைச் செட் அசைடு செய்யச் சொல்லி மனுப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 9-ஆவது கட்டளை, 13-ஆவது விதி. 30 நாள் கெடு, தீர்ப்பு நாளிலிருந்து. சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் முறைப்படி வந்து சேரவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு. ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் "பார்த்துக்கலாம்" என்று ஊரில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

செட்டில்மென்ட் பத்திரம் இன்னொரு கிளை. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதி வைப்பது. அதே சொல்லை ரவுடிகளும் வைத்திருக்கிறார்கள், அங்கே பத்திரம் கிடையாது.

மேலரதவீதி மாப்ள:

செட்டப்பைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல பாத்தீங்களா. அக்கா மகள் அதை வாக்கியத்தில் எழுதிவிடாமல் பார்த்துக்கோங்க மாமா. ஆங்கிலத்தில் அது ஏற்பாடுதான். நம்ம ஊரில் அந்த ஏற்பாட்டுக்குத் தனியா வீடு எடுக்கணும்.

பாளை டீச்சர்:

மாப்ள, இங்கே பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

தாழையூத்துக் கலவை:

சிமெண்ட் இறுகுகிறது என்று முதல் பதிவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்தல். தாழையூத்துக்காரன், 1949-லிருந்து சிமெண்ட் ஆலை ஓடுகிற ஊர், அதனால் விட முடியாது.

செட் ஆவது வேறு, இறுகி வலுவாவது வேறு. கலவையில் தண்ணீர் பட்டதும் அது குழம்பு மாதிரி இருக்கிறது, கொத்துக்கரண்டியால் இழுத்த இழுப்புக்கு வருகிறது. கொஞ்ச நேரத்தில் இழுப்புக்கு வராது. விரலால் அழுத்தினால் தடம் விழும், ஆனால் ஒட்டாது. அது ஆரம்ப செட். பிறகு நகம் பதியாத அளவுக்கு ஆகும், அது முடிவு செட். சாதாரண சிமெண்டுக்கு இந்திய தர விதிப்படி ஆரம்ப செட் 30 நிமிடத்துக்கு முன்னால் வரக் கூடாது, முடிவு செட் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சோதனைக்கூடத்தில் இதற்கென்றே ஒரு ஊசிக் கருவி இருக்கிறது, விக்கா ஊசி. சிமெண்ட் களியில் அதை இறக்கிப் பார்ப்பார்கள், ஊசி எவ்வளவு ஆழம் போய் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. ஆலையில் கிளிங்கரை, அதாவது சூளையில் வெந்த கட்டியை, அரைக்கும்போது ஜிப்சம் சேர்ப்பதே இதற்காகத்தான். சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்ட உடனே செட் ஆகிவிடும், கொத்தனார் சட்டியைத் தூக்குவதற்குள் கல்லாகிவிடும்.

வலு என்பது அதற்கு அப்புறம் நாள் கணக்கில் ஏறுவது. 28 நாள் கழித்து அதன் வலுவை அளந்து சொல்வார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் "சார், நேத்தே செட் ஆயிட்டு, தண்ணி எதுக்கு ஊத்தணும்" என்று கேட்கிறார்கள். செட் ஆனதற்கு அப்புறம்தான் தண்ணீரே ஊற்ற வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் தளத்தின் மேல் நனைத்து விரித்த சணல் சாக்கு ஒரு நாள் காய்ந்துவிட்டால் மறுநாள் தளத்தில் தலைமுடி மாதிரி வெடிப்பு ஓடும். இறுகுதல் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் வீட்டுக்காரர் பாடு கஷ்டம். ஆங்கிலத்தில் செட் வேறு, ஹார்டன் வேறு. இந்த இடத்தில் வறுமை யாருக்கு என்று தம்பி சொல்லட்டும்.

தாமிரபரணித்தண்ணி:

சரி சரி, அடி பலமாக விழுகிறது. ஆனாலும் ஒரே வினையை 430 இடத்தில் போடுகிற பழக்கம் நம்மிடம் கிடையாது, அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

பாளை டீச்சர்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். வை என்ற சொல்லை என்ன செய்யப் போகிறீர்கள்?

தீ வைக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். கோழியை அடை வைக்கிறோம். அலாரம் வைக்கிறோம். பரீட்சை வைக்கிறோம். பொருளுக்கு விலை வைக்கிறோம். கல் வைத்த மோதிரம். காலடி எடுத்து வைக்கிறோம். இந்த எட்டுக்கும் ஆங்கிலத்தில் செட் போட்டுப் பாருங்கள், எட்டும் பொருந்தும். இன்னும் ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. "அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது" என்கிறோம், அவர்களும் செட் மீ திங்கிங் என்கிறார்கள். இது சும்மா வராது. இரண்டு வினைக்கும் அடியில் இருப்பது ஒரே செயல், ஒன்றைக் கொண்டுபோய் ஒரு நிலையில் இருக்கச் செய்வது. அங்கிருந்து இரண்டு மொழியும் தனித்தனியாக நடந்து ஒரே தெருக்களில் போயிருக்கின்றன.

வடிவத்தில்கூட ஒற்றுமை உண்டு. சிட், செட் என்று அவர்கள் ஒரு உயிரை மாற்றித் தன்வினையைப் பிறவினை ஆக்குகிறார்கள். நாம் ஓடு, ஓட்டு; ஆடு, ஆட்டு; உருள், உருட்டு. இரு என்பதற்கு இருத்து. செட்டன் என்ற அந்தப் பழைய சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்த தமிழ் வேண்டுமென்றால் இருத்து என்பதுதான். கன்னியாகுமரி எல்லைப் பக்கம் உட்காருவதற்கு இரி என்றுதானே சொல்கிறார்கள்.

ஆனால் பிரிகிற இடமும் இருக்கிறது, அது இன்னும் சுவை. குழம்பு வைக்கிறோம், பேர் வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், சூனியம் வைக்கிறோம், ஐஸ் வைக்கிறோம். இதில் எதற்கும் அவர்களுடைய செட் வராது. அவர்கள் சாப்பாட்டு மேசையை செட் செய்கிறார்கள், நாம் இலை போடுகிறோம். அவர்களுக்கு எலும்பு விலகினால் செட் செய்வது, நமக்குக் கட்டுப் போடுவது.

அதனால் நான் நினைப்பது இது. தமிழ் ஆங்கிலத்திலிருந்து பெயர்ச்சொல்லான செட்டை அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டது, வினையை எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கத் தேவை இருக்கவில்லை, அந்த இடத்தில் ஏற்கனவே வை உட்கார்ந்திருந்தது. தீ செட் பண்ணு என்று எவனும் சொல்ல மாட்டான். பம்புசெட், பல்செட், ரேடியோ செட், பேண்டு செட் எல்லாம் செக்டா வீட்டுப் பிள்ளைகள்.

வண்ணார்பேட்டை வாசி:

டீச்சர், அருமை. ஆனால் வினையை எடுக்கவே இல்லை என்றால் "செட் ஆகல" எங்கிருந்து வந்தது? "பொண்ணு வீட்டுக்கும் நமக்கும் செட் ஆகாது", "வேன் செட் பண்ணியாச்சு", "இந்தச் சட்டை உனக்கு செட் ஆகுது". இது வினைதானே?

சவூதி நெல்லை:

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். இங்கே கம்பெனியில் பிலிப்பைன்ஸ்காரனிடம் "திஸ் ஜாப் நாட் செட் ஃபார் மீ" என்று நம்ம ஏர்வாடிப் பையன் சொல்ல, அவன் ஏதோ எந்திரத்தில் அளவு சரியாக வைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்துவந்துவிட்டான்.

பாளை டீச்சர்:

அது நாம் செய்த வினை. ஆங்கிலேயனிடம் செட் ஆகவில்லை என்றால் புரியாது, ஏர்வாடித் தம்பி அனுபவித்தது அதுதான். அவர்கள் அந்த இடத்தில் சூட், ஃபிட், வொர்க் அவுட் என்று வேறு எதையாவது சொல்வார்கள். என் கணிப்பு: பெயர்ச்சொல்லைத்தான் எடுத்தோம். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் செட்டு. சேராவிட்டால் செட்டு ஆகவில்லை. "செட்டு சேராது" என்று சொல்கிறார்களே, அதைக் கவனியுங்கள், அங்கே அது பெயர்தான், வினை சேர் என்பது. வீட்டில் ஒற்றையாகக் கிடக்கிற சாசருக்குக் கப்பு பொருந்தாத அதே நிலைமைதான் பொண்ணு மாப்பிள்ளைக்கும். வேன் செட் பண்ணுவது மட்டும் ஏற்பாடு என்கிற வினைப் பக்கம் சாய்கிறது, அதை விட்டுக்கொடுக்கிறேன்.

தாழையூத்துக் கலவை:

டீச்சர், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "புது ஊருக்கு வந்து செட் ஆகிட்டான்", "வேலை செட் ஆக ஆறு மாசம் ஆகும்" என்பது என் கலவைச் செட்தான். அசைந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. அதில் சோடி சேர்வது எங்கே வருகிறது?

பாளை டீச்சர்:

அது செட்டில் என்பதன் வால் அறுந்து வந்தது. "செட்டில் ஆகிட்டான்" என்பதுதான் முழுசு.

தாழையூத்துக் கலவை:

அப்படியே வைத்துக்கொண்டாலும் செட்டிலும் உட்காருகிற குடும்பம்தானே. வினைப் பக்கம் ஒன்று வந்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார் வள்ளியூர்:

ஒன்பதாம் வகுப்பு கணிதப் புத்தகத்தில் முதல் பாடமே கண மொழி. செட்டுக்குத் தமிழில் கணம் என்று வைத்திருக்கிறார்கள். பூதகணம், தேவகணம் என்கிறோமே, கூட்டம் என்ற பொருள்தான். வெற்றுக் கணம், சேர்ப்பு, வெட்டு எல்லாம் பிள்ளைகள் தமிழில் அழகாகவே சொல்கிறார்கள்.

ஒரு சிக்கல் மட்டும். கணக்கில் கணம் என்றால் வரிசை கிடையாது, ஒரே உறுப்பை இரண்டு தடவை எழுதினாலும் ஒன்றுதான். ஜெராக்ஸ் கடையில் ரெண்டு செட் என்றால் அதே தாள்கள் இரண்டு தடவை, வரிசையும் மாறக் கூடாது, மாறினால் கிளார்க் திருப்பி அனுப்பிவிடுவார். பூரி செட்டில் ஒரே மாதிரி பூரி ரெண்டு. "சார், அப்ப கணக்குப்படி அது ஒரு பூரிதானே" என்று ஒரு பையன் கேட்டான். ரெண்டு பூரியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றைச் சாப்பிட்ட பிறகு இன்னொன்று தட்டில் இருக்கிறதல்லவா, அதனால் அவை வேறு வேறு உறுப்புகள் என்றேன். ஒப்புக்கொண்டான்.

மேலரதவீதி மாப்ள:

மூணு உறுப்பு சார். மூணு.

கொடைக்குழாய்:

வாலிபாலை யாரும் சொல்லவில்லையே. ராத்திரி டியூப்லைட் கட்டி ஆடுகிற மேட்சுக்கு மைக் பிடித்தவன் நான். முதல் நாலு செட்டும் 25 பாயிண்ட், அஞ்சாவது செட் 15. எங்க இளவட்ட காலத்தில் எல்லா செட்டும் 15-தான், ஆனால் சர்வீஸ் போடுகிற அணி ஜெயித்தால்தான் பாயிண்ட், மற்றவன் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும். ஒரு செட்டு முடிய விடிந்துவிடும். இப்போது ராத்திரி 10 மணிக்கு மேல் குழாய் போடக் கூடாது என்பதால் கடைசி மேட்ச் எல்லாம் மைக் இல்லாமல்தான்.

அம்பை வயக்காடு:

வண்டி நிறுத்துகிற செட்டையும் சேர்த்துக்கோங்க. கார் செட்டு, தகரச் செட்டு.

பாளை டீச்சர்:

அது ஷெட் அண்ணாச்சி. வேறு சொல். நம் வாயில் ஒன்றாகிவிட்டது. கல்லூரி வேலைக்கு எழுதுகிற செட் தேர்வும் அப்படித்தான், அது மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துக்கள். அபிஷேகப்பட்டியில் இருக்கிற நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான் 2024-இல் அதற்கு அறிவிப்பு விட்டது. அந்த இரண்டையும் 430-இல் சேர்க்க முடியாது.

குமாஸ்தா:

செட்டை இப்போது ரன் முந்திவிட்டது தெரியுமா? ஆக்ஸ்போர்டு அகராதியைப் புதுப்பித்து எழுதுகிற வேலையில் ரன் என்ற வினைக்கு 645 பொருள் வந்திருக்கிறது. நம்ம ஊர்க் கணக்குக்கு ரன் என்றால் கிரிக்கெட் மட்டும்தான்.

பாளை டீச்சர்:

அதுவும் அதே கதைதான். மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது. ஓடு இருக்கும்போது ரன் எதற்கு?

தாமிரபரணித்தண்ணி:

அக்கா மகள் எழுதி முடித்துவிட்டாள். வறுமை என்ற என் வாதத்தை அவளே படித்துவிட்டு "மாமா, வை-ய வச்சே உங்களை வச்சுச் செஞ்சுட்டாங்க" என்றாள், அதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியாது. பத்து வாக்கியத்தில் பொழுது, கோழி, கரணை, சிமெண்ட், செட் அசைடு, வாலிபால், கணம், பொறி, மோதிரம் இருக்கிறது. பத்தாவதாகப் பல்செட் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் அதை ஒரு செட் ஆஃப் டீத் என்று சொன்னால் சொந்தப் பல்லையும் குறிக்குமே, பொய்ப்பல் என்று சேர்க்க வேண்டாமா டீச்சர்?

பாளை டீச்சர்:

சேர்க்க வேண்டும். ஃபால்ஸ் போடச் சொல்லுங்கள்.